அமெரிக்க அமைச்சரவை கூடி முடிவெடுக்குமா? துறைகள் யார் சொன்னபடி நடக்கின்றன?

கேள்வி இதுதான்: "அமெரிக்க அதிபருக்கும் ஒரு அமைச்சரவை இருக்கிறது. இந்தியாவின் மத்திய அமைச்சரவை மாதிரி அது கூடி முடிவெடுக்குமா? அமைச்சர்கள் எதிர்த்தால் அதிபர் என்ன செய்வார்? அங்கே துறைகள் உண்மையில் எப்படி இயங்குகின்றன?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். "அமைச்சரவை முடிவு" என்று சட்டப்படி அங்கே எதுவும் கிடையாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதற்குக் கடைசியில் வருகிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் வேண்டாம் என்றாலும், அதிபர் வேண்டும் என்றால் வேண்டும்தான். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு அங்குள்ள அமைச்சர்கள் வெறும் தலையாட்டிகள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். குழுவாக அவர்களுக்கு அதிகாரம் இல்லையே தவிர, தனித்தனியாக ஒவ்வொரு அமைச்சரின் கையிலும் நிறைய அதிகாரம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி அங்குள்ள நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு, "இந்தத் துறையின் அமைச்சர் இதைச் செய்ய வேண்டும்" என்று பெயர் குறித்துக் கொடுத்தது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் வாஷிங்டனிலிருந்து வரும் செய்திகளில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

முதலில், நமக்குப் பழகிய முறையோடு எங்கே வேறுபடுகிறது என்று பார்ப்போம். இந்தியாவில் அமைச்சராக இருப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் ஆக வேண்டும். அமைச்சரவை முழுவதும் சேர்ந்து மக்களவைக்குப் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இதற்கு நேர் எதிர். காங்கிரஸ் உறுப்பினராக இருப்பவர் அமைச்சராக முடியாது என்று அரசியலமைப்பே தடுக்கிறது. 2009-ல் ஹிலாரி கிளின்டனும் 2025-ல் மார்கோ ரூபியோவும் காங்கிரஸின் மேலவையான செனட்டில் வகித்த பதவியை ராஜினாமா செய்த பிறகுதான் வெளியுறவு அமைச்சரானார்கள். அதனால் அங்குள்ள அமைச்சருக்குத் தொகுதி கிடையாது, கட்சிக்குள் தனக்கென்று எம்.பி.க்கள் கிடையாது, கூட்டணிப் பேரம் பேச வழியும் கிடையாது. அதிபரின் நம்பிக்கை ஒன்றுதான் அவருடைய கையிருப்பு.

மூல அரசியலமைப்பில் தேடினால் அமைச்சரவை பற்றி ஒரு சின்னக் குறிப்புதான் அகப்படும்: ஒவ்வொரு நிர்வாகத் துறையின் தலைமை அதிகாரியிடமும் அவருடைய கடமை தொடர்பான கருத்தை எழுத்தில் கேட்கலாம் என்று இரண்டாம் பிரிவு அதிபருக்கு அனுமதி கொடுக்கிறது. அவ்வளவுதான். மீதியெல்லாம் பழக்கத்தில் வந்தது. 1789 ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன், பூர்வகுடிகளோடு செய்யவிருந்த ஒப்பந்தம் பற்றி ஆலோசனை கேட்க நேரடியாக செனட் சபைக்கே போனார். அவர்கள் உடனே பதில் சொல்லாமல் விஷயத்தை ஒரு குழுவுக்கு அனுப்பலாம் என்று இழுக்க, அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆலோசனைக்கு அவர் செனட்டைத் தேடிப் போகவில்லை. தன் துறைத் தலைவர்களைக் கேட்கத் தொடங்கினார். வெளியுறவுக்குத் தாமஸ் ஜெஃபர்சன், நிதிக்கு அலெக்சாண்டர் ஹாமில்டன், போருக்கு ஹென்றி நாக்ஸ், சட்ட ஆலோசனைக்கு அட்டர்னி ஜெனரல் எட்மண்ட் ராண்டால்ஃப். நான்கே பேர்.

அந்த நால்வர் காலத்திலேயே இந்த அமைப்பின் குணம் தெரிந்துவிட்டது. 1791-ல் தேசிய வங்கி தொடங்கும் மசோதாவை காங்கிரஸ் நிறைவேற்றி அனுப்பியது. கையெழுத்துப் போடலாமா என்று வாஷிங்டன் எழுத்தில் கருத்துக் கேட்டார். அரசியலமைப்பு இதற்கு இடம் தரவில்லை என்று ராண்டால்ஃப் எழுதினார், ஜெஃபர்சனும் அதையே எழுதினார். அந்த இரண்டு கடிதங்களையும் வாஷிங்டன் ஹாமில்டனிடம் கொடுத்து, பதில் எழுதச் சொன்னார். ஹாமில்டன் நீளமாக ஒரு மறுப்பு எழுதிக் கொடுத்தார். பிப்ரவரி 25 அன்று வாஷிங்டன் கையெழுத்துப் போட்டார். இரண்டுக்கு ஒன்று என்று யாரும் ஓட்டு எண்ணவில்லை. கேட்டார், படித்தார், தானே முடிவெடுத்தார். இன்றுவரை அதே கதைதான்.

சரி, துறைகளுக்கு வருவோம். இன்று 15 துறைகள் இருக்கின்றன. முதலில் வந்தது வெளியுறவு. கடைசியாக வந்தது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு 2002-ல் சட்டம் போட்டு, அங்கங்கே கிடந்த 22 அமைப்புகளை ஒன்றாகத் திரட்டி உருவாக்கியது அது. துறைகளுக்குள் வேலை பிரிந்திருக்கும் விதம் வெளியிலிருந்து பார்ப்பவரைத் திகைக்க வைக்கும். வானிலை அறிக்கை தருவது வர்த்தகத் துறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அவர்களுடையதே. அணு ஆயுதங்களை உருவாக்கிப் பராமரிக்கும் பொறுப்பு எரிசக்தித் துறைக்கு. தேசியப் பூங்காக்கள் அரசு நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் இன்டீரியர் துறையில் இருக்க, தேசிய வனங்கள் வேளாண் துறையில் இருக்கின்றன. ஏழைகளுக்கான உணவு உதவித் திட்டமும் வேளாண் துறையில்தான். ஒரே நாளில் திட்டமிட்டுக் கட்டியிருந்தால் இப்படி வந்திருக்காது. ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு தேவைக்கு காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது, அது அந்தந்தத் துறையில் போய் ஒட்டிக்கொண்டது.

நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை வைத்து இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். சென்னையிலிருந்து ஒரு மென்பொறியாளர் எச்1பி விசாவில் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் முதலில் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும். அந்த வேலைக்கு அந்த ஊரில் நிலவும் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுப்போம் என்று உறுதிமொழி கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். அதை வைத்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் குடியேற்றப் பிரிவில் மனுப் போட வேண்டும். மனு தேறிய பிறகு சென்னை அண்ணா சாலையில் உள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணல். அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரி வெளியுறவுத் துறையின் ஆள். விசா முத்திரையோடு அமெரிக்க விமான நிலையத்தில் இறங்கினால், உள்ளே விடுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர் மறுபடியும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் எல்லை அதிகாரி. ஒரு ஆளுக்கு மூன்று துறைகள், மூன்று அமைச்சர்கள். இந்த மூவரும் அமைச்சரவைக் கூட்டத்தில் ஒருநாளும் இதைப் பற்றிப் பேசியிருக்கத் தேவையில்லை. குடியேற்றச் சட்டம் யாருக்கு என்ன வேலை என்று ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது.

கிரீன் கார்டுக்கும் அப்படித்தான். அமெரிக்காவில் இருக்கும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் மாதாமாதம் பார்க்கும் விசா புல்லட்டினை வெளியிடுவது வெளியுறவுத் துறை. வரிசை ஏன் நகரவே மாட்டேன் என்கிறது என்று அந்தத் துறையைத் திட்டிப் பயனில்லை. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பு சட்டத்தில் இருக்கிறது. அதை மாற்ற அமைச்சரால் ஆகாது, காங்கிரஸால்தான் ஆகும். 2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் புதிய எச்1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று பிரகடனம் செய்தபோதுகூட, குடியேற்றச் சட்டம் அதிபருக்குக் கொடுத்திருக்கும் அதிகாரத்தைச் சுட்டிக்காட்டித்தான் செய்தார். அந்தச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்பதுதான் அடுத்து வந்த வழக்குகளின் கேள்வி.

அமைச்சர் நியமனத்தை எல்லோரும் செய்தியில் பார்ப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அதிபர் பெயரை அனுப்புவார், செனட்டின் அந்தந்தக் குழு விசாரிக்கும், பிறகு முழு சபையில் வாக்கெடுப்பு. பெரும்பாலும் தேறிவிடுவார்கள். தேறாதவர்கள் வாக்கெடுப்புக்கு முன்பே விலகிவிடுவது வழக்கம் என்பதால் சபையில் தோற்றவர்கள் மிகக் குறைவு. 1989-ல் பாதுகாப்பு அமைச்சராக ஜான் டவரை மூத்த புஷ் அனுப்பியபோது 47-க்கு 53 என்று செனட் நிராகரித்தது. அவர் அதே செனட்டில் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர். 2017-ல் கல்வி அமைச்சர் பெட்சி டெவோஸுக்கு 50-50 என்று நின்று, துணை அதிபர் வாக்களித்துத் தேற வைத்தார். 2025-ல் பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத்துக்கும் அதே நிலைமை.

இதைவிட முக்கியமான விஷயம், அமைச்சருக்குக் கீழே இருப்பவர்கள். இந்தியாவில் அமைச்சர் மாறினாலும் துறைச் செயலாளர் ஓர் ஐஏஎஸ் அதிகாரிதான். அமெரிக்காவில் அமைச்சருக்கு அடுத்தபடியாக இருக்கும் துணை அமைச்சர், அதற்குக் கீழே இரண்டு மூன்று அடுக்குகள், துறையின் தலைமை வழக்கறிஞர் என்று எல்லாமே அதிபரோடு வந்து அதிபரோடு போகும் பதவிகள். அரசு முழுவதும் சேர்த்து இப்படிச் சுமார் 4,000 பதவிகள். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை செனட் ஒப்புதலோடு நிரப்ப வேண்டியவை. அதற்கும் கீழேதான் நிரந்தர ஊழியர்கள், சுமார் 20 லட்சம் பேர். ஒரு காலத்தில் தபால்காரர் வரை கட்சிக்காரர்களைத்தான் போட்டார்கள். 1881-ல் அதிபர் கார்ஃபீல்டை, பதவி கேட்டுக் கிடைக்காத ஒருவன் சுட்டுக் கொன்ற பிறகு நாடே கொதித்துப் போய், 1883-ல் தேர்வு வைத்துத் தகுதி அடிப்படையில் ஆள் எடுக்கும் சட்டம் வந்தது.

அமைச்சரை நீக்குவது யார் கையில்? நியமிக்க செனட் வேண்டும் என்றால் நீக்கவும் செனட் வேண்டாமா என்று 1789-லேயே சண்டை வந்தது. அதன் உச்சம் 1868. லிங்கன் கொல்லப்பட்ட பிறகு அதிபரான ஆண்ட்ரூ ஜான்சனுக்கும் காங்கிரஸுக்கும் ஒத்துப்போகவில்லை. போர் அமைச்சர் எட்வின் ஸ்டான்டன் காங்கிரஸ் பக்கம். அவரைக் காப்பாற்றுவதற்காகவே, செனட் சம்மதிக்காமல் இப்படிப்பட்ட அதிகாரிகளை நீக்கக் கூடாது என்று 1867-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஜான்சன் 1868 பிப்ரவரி 21-ல் துணிந்து அவரை நீக்கினார். ஸ்டான்டன் போக மறுத்தார்! அலுவலகத்துக்குள்ளேயே தங்கி, கதவுக்குக் காவல் போட்டுக்கொண்டு, அவருக்குப் பதிலாக நியமிக்கப்பட்ட தாமஸ் என்பவரைக் கைது செய்யவும் வைத்தார். மூன்றே நாளில் பிரதிநிதிகள் சபை ஜான்சன் மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றியது. செனட்டில் 35-க்கு 19. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு ஓட்டுக் குறைந்ததால் ஜான்சன் தப்பினார். அதன் பிறகுதான் ஸ்டான்டன் அறையைக் காலி செய்தார். அந்தச் சட்டம் 1887-ல் நீக்கப்பட்டது. 1926-ல் ஒரு தபால் அதிகாரியின் வழக்கில், இப்படிப்பட்ட அதிகாரிகளை அதிபர் தன் விருப்பப்படி நீக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் அப்போது தலைமை நீதிபதியாக இருந்த முன்னாள் அதிபர் டாஃப்ட். அமைச்சர்களைப் பொறுத்தவரை விவாதம் அதோடு முடிந்தது.

அப்படியானால் நீக்கும் அதிகாரம் கையில் இருக்கும் அதிபர், துறையை என்ன வேண்டுமானாலும் செய்ய வைக்கலாமே? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். காரில் காற்றுப்பை (ஏர்பேக்) வந்த கதையைச் சொன்னால் தெளிவாகும். வாகனப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் கடமையை 1966-ல் காங்கிரஸ் சட்டத்தில் வைத்தது. சீட் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளாதவரையும் காப்பாற்றும் ஏற்பாடு காரில் இருக்க வேண்டும், அது காற்றுப்பையாகவோ தானியங்கி பெல்ட்டாகவோ இருக்கலாம் என்று கார்ட்டர் ஆட்சியில் 1977-ல் போக்குவரத்து அமைச்சர் பிராக் ஆடம்ஸ் விதி போட்டார். 1981-ல் ரேகன் வந்தார், கட்டுப்பாடுகளைக் குறைப்போம் என்றார், துறை அந்த விதியை ரத்து செய்தது. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1983-ல் உச்ச நீதிமன்றம் அந்த ரத்து செல்லாது என்றது. நீதிபதிகள் கேட்டது எளிய கேள்வி: தானியங்கி பெல்ட்டை ஜனங்கள் கழற்றிவிடுவார்கள், அதனால் பலன் இருக்காது என்கிறீர்களே, அப்படியானால் காற்றுப்பையை மட்டும் கட்டாயமாக்கலாமா என்று ஏன் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை? ஆட்சி மாறினால் கொள்கை மாறலாம். ஆனால் துறை தன் மனமாற்றத்துக்குத் தரவுகளோடு காரணம் சொல்லியாக வேண்டும். அடுத்து வந்த அமைச்சர் எலிசபெத் டோல் 1984-ல் புது விதி போட வேண்டியதாயிற்று. 1991-ல் காங்கிரஸே சட்டமாக்கி, 1998 மாடலிலிருந்து எல்லாப் பயணிகள் கார்களிலும் முன்பக்கக் காற்றுப்பை கட்டாயம் என்றது.

இந்த விதி வகுக்கும் வேலைதான் அமெரிக்கத் துறைகளின் உயிர்நாடி என்பேன். 1946-ல் வந்த நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, துறை முதலில் வரைவை அரசிதழில் வெளியிட வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம்; வெளிநாட்டுக்காரரும் சொல்லலாம். வந்த முக்கியமான ஆட்சேபங்களுக்குப் பதில் எழுதித்தான் இறுதி விதியை வெளியிட வேண்டும். அதைச் சரியாகச் செய்யாத விதி நீதிமன்றத்தில் நிற்காது. தொலைக்காட்சியில் காட்டுகிற அமைச்சரவைக் கூட்டத்தைவிட, யாரும் படம் பிடிக்காத இந்த வேலைதான் ஜனங்களின் வாழ்க்கையைத் தொடுகிறது.

அதிபருக்கும் துறைகளுக்கும் நடுவில் இன்னொரு கூட்டம் இருக்கிறது: வெள்ளை மாளிகை ஊழியர்கள். 1939-ல் ரூஸ்வெல்ட் காலத்தில் அதிபர் அலுவலகம் என்று தனியாக ஒன்று உருவானது. பட்ஜெட் அலுவலகம், 1947-ல் வந்த தேசியப் பாதுகாப்புக் குழு, தலைமை அலுவலர் என்று அது வளர்ந்துகொண்டே போனது. தேசியப் பாதுகாப்பு ஆலோசகருக்கு செனட் ஒப்புதல் தேவையில்லை. அவர் அறை அதிபர் அறைக்கு நாலு எட்டு தூரம். நிக்சன் காலத்தில் அந்தப் பதவியில் இருந்த ஹென்றி கிசிங்கர், வெளியுறவு அமைச்சர் வில்லியம் ரோஜர்ஸை ஓரங்கட்டிவிட்டு 1971 ஜூலையில் ரகசியமாகச் சீனா போய் வந்தார். 1962-ல் கியூபா ஏவுகணை நெருக்கடியில் கென்னடியும் முழு அமைச்சரவையை வைத்து முடிவெடுக்கவில்லை, தானே தேர்ந்தெடுத்த ஒரு சிறு குழுவை வைத்துக்கொண்டார். அமைச்சரவை அறையில் நாற்காலிகள்கூட மரபுப்படிதான்: அதிபருக்கு வலப்பக்கம் வெளியுறவு, இடப்பக்கம் பாதுகாப்பு, எதிரே துணை அதிபர், மற்றவர்கள் துறை பிறந்த வரிசையில். அந்த வரிசையை வைத்து யாருக்குச் செல்வாக்கு என்று கணக்குப் போட முடியாது.

பணம் முழுக்க முழுக்க காங்கிரஸ் கையில். நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அதற்குள் ஒதுக்கீடு நிறைவேறாவிட்டால் அத்தியாவசியம் தவிர்த்த வேலைகள் நின்றுவிடும். 2018 டிசம்பரில் தொடங்கிய முடக்கம் 35 நாள், 2025-ல் 43 நாள். துறையை மூடுவதும் அப்படித்தான். கல்வித் துறையை மூட நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2025 மார்ச்சில் டிரம்ப் ஆணை போட்டார், ஊழியர்கள் பெருமளவில் குறைக்கப்பட்டார்கள். ஆனால் 1979-ல் சட்டத்தால் உருவான துறையை அடியோடு இல்லாமல் ஆக்க இன்னொரு சட்டம் வேண்டும்.

இனி, எதிர்க்கும் அமைச்சர் என்ன செய்யலாம் என்ற கேள்வி. பேசிப் பார்க்கலாம், முடியாவிட்டால் ராஜினாமா செய்யலாம். 1973 அக்டோபர் 20, சனிக்கிழமை. வாட்டர்கேட் ஊழலை விசாரித்த தனி வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கச் சொன்னார் நிக்சன். தகுந்த காரணமின்றி அவரை நீக்கமாட்டேன் என்று செனட்டிடம் வாக்குக் கொடுத்துத்தான் எலியட் ரிச்சர்ட்சன் அட்டர்னி ஜெனரல் ஆகியிருந்தார். அவர் மறுத்து ராஜினாமா செய்தார். அடுத்த இடத்தில் இருந்த ரக்கெல்ஸ்ஹவுஸும் மறுத்துப் பதவியை இழந்தார். மூன்றாவதாக இருந்த ராபர்ட் போர்க்தான் காக்ஸை நீக்கினார். ஆக, அதிபர் நினைத்தது நடந்தது. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது: நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பி, புது தனி வழக்கறிஞரை நியமிக்க வேண்டி வந்து, பத்து மாதத்துக்குள் நிக்சனே பதவி விலகினார். அமைச்சர் நியமனத்தில் செனட் கேட்டு வாங்கும் வாக்குறுதிகளை நான் சடங்கு என்று ஒதுக்காததற்கு இந்தச் சனிக்கிழமைதான் காரணம்.

ஆரம்பத்தில் சொன்ன விதிவிலக்கு, 1967-ல் நடைமுறைக்கு வந்த 25-ஆவது திருத்தத்தின் நான்காம் உட்பிரிவு. அதிபரால் கடமையைச் செய்ய முடியவில்லை என்று துணை அதிபரும் துறைத் தலைவர்களில் பெரும்பான்மையோரும் எழுத்தில் அறிவித்தால், அதாவது இன்றைய கணக்கில் 15 பேரில் 8 பேர் சேர்ந்தால், துணை அதிபர் அந்த நிமிடமே செயல் அதிபராகிவிடுவார். அமைச்சர்கள் தலையை எண்ணி முடிவெடுக்க அரசியலமைப்பு இடம் கொடுக்கும் ஒரே கட்டம் இதுதான். துணை அதிபர் இல்லாமல் அமைச்சர்கள் மட்டும் இதைச் செய்ய முடியாது. 2021 நவம்பரில் பைடன் மயக்க மருந்து எடுத்துக்கொண்டபோது கமலா ஹாரிஸ் 85 நிமிடம் செயல் அதிபராக இருந்தது இதன்படி அல்ல. அது அதிபரே எழுதிக் கொடுத்துப் பொறுப்பை ஒப்படைக்கும் மூன்றாம் உட்பிரிவு. நான்காவது உட்பிரிவு இதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை. பயன்படுத்தினாலும், "எனக்கு ஒன்றும் இல்லை" என்று அதிபர் மறுத்து எழுதலாம். துணை அதிபரும் அமைச்சர்களும் நான்கு நாளுக்குள் மறுபடியும் அதையே சொன்னால் விஷயம் காங்கிரஸுக்குப் போகும். 21 நாளுக்குள் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழாவிட்டால் அதிபர் தன் நாற்காலிக்குத் திரும்பிவிடுவார். அவரை எதிர்த்துக் கையெழுத்துப் போட்ட எட்டுப் பேரையும் அன்றே நீக்கும் அதிகாரத்தோடு.